பழைய ஜீப்பைக் களவு போகாமல் காப்பது: சுவிட்சா, சங்கிலியா, ஜிபிஎஸ்ஸா?

பூப்பாறை_ஜீப்காரன்:

வணக்கம். என்னிடம் இருப்பது 1993 மாடல் மஹிந்திரா எம்எம் 540. பீஜோ டீசல் எஞ்சின், படுதாக் கூரை, நான்கு சக்கர இழுவை. அப்பா வாங்கியது. ஒரு காலத்தில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஓடிய வண்டி, இப்போது எரு மூட்டையும் தண்ணீர்க் குழாயும் சுமக்கிறது. வீடு கேரள எல்லைக்குள், பூப்பாறைக்குப் பக்கத்தில், சரிவில் இருக்கிறது. ஷெட் கிடையாது. ரோட்டோரம்தான் நிறுத்துகிறேன்.

போன வாரம் விடியற்காலை எழுந்து பார்த்தால் நிறுத்திய இடத்தில் வண்டி இல்லை. நெஞ்சே அடைத்துவிட்டது. முப்பது அடி கீழே, பக்கத்துத் தோட்டத்துக் கல்கட்டில் பம்பரை முட்டிக்கொண்டு நின்றது. சாவி சுவிட்சின் ஒயர்களைப் பிடுங்கி, செம்பு தெரிய முறுக்கி விட்டிருந்தார்கள். பின்சக்கரத்துக்கு நான் அண்டை கொடுத்திருந்த கல்லை எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். சத்தம் வரக்கூடாது என்று பதமாக வைத்த மாதிரி இருந்தது அது.

பேட்டரிக்குக் கட்-ஆஃப் சுவிட்ச் போட்டிருந்தேன். ராத்திரி அணைத்து, குமிழைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது வழக்கம். சில நூறு ரூபாய்ச் சாமான்தான், அதுதான் வண்டியைக் காப்பாற்றியது. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் போடுங்கள் என்பது என் கருத்து. இதற்கு மேல் என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கம்பம்_பட்டறை:

அண்ணே, வண்டி தப்பியதில் ரொம்பச் சந்தோஷம். ஆனால் சுவிட்ச் காப்பாற்றியது என்பதை நான் ஒப்ப மாட்டேன். காப்பாற்றியது கல்கட்டு.

ஒன்று கேட்கிறேன். உங்கள் வண்டியில் எஞ்சினை நிறுத்த ஒரு குமிழை இழுக்க வேண்டுமா, இல்லை சாவியை அணைத்தாலே நிற்குமா?

பூப்பாறை_ஜீப்காரன்:

குமிழைத்தான் இழுக்க வேண்டும் தம்பி.

கம்பம்_பட்டறை:

அப்படியென்றால் உங்கள் டீசல் பம்ப் ஓட மின்சாரமே வேண்டாம். பெட்ரோல் வண்டிக்குப் பொறி வேண்டும், பேட்டரியை வெட்டினால் வேலை முடிந்தது. டீசலில் காற்று அழுந்திச் சூடாகி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இரண்டாம் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்து, சரிவில் உருட்டிவிட்டுக் கிளட்சை விட்டால் பேட்டரியே இல்லாமல் எஞ்சின் பிடிக்கும். மலையில் இருக்கிற உங்களுக்கு இது தெரியாததல்ல. வந்தவனும் அதற்காகத்தான் கல்லை எடுத்திருக்கிறான்.

அப்புறம் ஏன் பிடிக்கவில்லை? பீஜோ எஞ்சினில் டீசல் முதலில் ஒரு தனிச் சிற்றறையில் பற்ற வேண்டும். குளிரில் அந்த அறையைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் சூடேறாமல் அது லேசில் பற்றாது. பேட்டரி வெட்டியிருந்ததால் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அந்த அளவுக்கு உங்கள் சுவிட்ச் உதவியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதே சரிவு நூறு அடி நீண்டிருந்தால் உருண்டு உருண்டே பிடித்திருக்கும். அதே இடத்தில் டிஐ எஞ்சின், அதாவது சிற்றறை இல்லாமல் நேராகச் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் எஞ்சின், போட்ட ஜீப் நின்றிருந்தால், ஹீட்டர் இல்லாமலே பத்துப் பதினைந்து அடியில் கிளம்பிப் போயிருக்கும்.

சாவியை அணைத்தால் நிற்கும் வகையில் பம்பில் சோலனாய்டு என்ற மின்காந்த வால்வு இருக்கும், மின்சாரம் போனால் அது டீசலை அடைத்துவிடும். அந்த வண்டிகளுக்குக் கட்-ஆஃப் நல்ல காவல்தான். ஆனாலும் தெரிந்தவன் ஒரு சின்ன பேட்டரியும் ஒயரும் கொண்டுவந்தால் போதும்.

பழைய ஜீப்புக்கு இரும்புதான் காவல். கிளட்ச் மிதியையும் ஸ்டியரிங்கையும் சேர்த்துக் கனமான சங்கிலி, கியர் லீவரை அசையவிடாமல் வண்டியின் தரைத்தகட்டில் போல்ட் போட்ட கியர் லாக். இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

கோவை_நாலுசக்கரம்:

பட்டறைத் தம்பி சொல்வதில் எஞ்சின் பாடம் சரி, முடிவுதான் தவறு. ஜீப் ஸ்டியரிங் வளையம் எவ்வளவு கெட்டி? ஹாக்சா பிளேடு இருந்தால் சில நிமிடத்தில் வளையத்தையே அறுத்து, சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிடலாம். படுதா வண்டிக்குக் கதவுப் பூட்டும் இல்லை. உள்ளே உட்கார்ந்து நிதானமாக வேலை பார்ப்பான்.

எந்தப் பூட்டும் ஒரு நாள் உடையும். உடைத்த பிறகு வண்டி எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா? ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டுங்கள். வண்டி அசைந்த நொடியில் போன் அடிக்கும். வெளியே தெரியாத இடத்தில், சீட்டுக்கு அடியிலோ டேஷ்போர்டின் உள்மூலையிலோ வைத்தால் போதும். என்னுடைய பழைய பொலிரோவில் நான்கு வருடமாக இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை.

கம்பம்_பட்டறை:

நீங்கள் இருப்பது கோவை. அண்ணன் இருப்பது பூப்பாறை. போடிமெட்டு வளைவுகளில் போன் பேசிக்கொண்டே வந்து பாருங்கள், எத்தனை இடத்தில் அறுந்து போகிறது என்று தெரியும். டவர் இல்லாத இடத்தில் டிராக்கர் எதை அனுப்பும்? மறுபடி டவர் கிடைக்கும்போது சேர்த்துவைத்ததைக் கொட்டும். அதற்குள் வண்டி சமவெளிக்கு இறங்கிவிடும்.

இன்னொன்று. அண்ணன் ராத்திரி பேட்டரியைக் கட் செய்கிறார். டிராக்கரைச் சுவிட்சுக்குப் பிறகு இணைத்தால், சொந்தக்காரரே அதன் உயிரை அணைத்த மாதிரி. உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும்.

கோவை_நாலுசக்கரம்:

சுவிட்சுக்கு முன்னால், பேட்டரி முனையிலிருந்து நேராக ஒரு ஃபியூஸ் வைத்து எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு டிராக்கர் 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 70 ஆம்பியர் அவர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் இருபது நாள் எடுக்காமல் நின்றாலும் மூன்றில் ஒரு பங்குதான் குறையும். வாரம் ஒரு தடவையாவது ஓடும் வண்டிக்கு இது ஒன்றுமே இல்லை.

டவர் விஷயம் உண்மைதான். ஆனால் வண்டி சமவெளிக்கு இறங்கிய பிறகாவது சொல்லுமே. உங்கள் சங்கிலி அறுந்த பிறகு என்ன சொல்லும்?

நெடுங்கண்டம்_மலர்:

இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. எங்கள் அப்பாவின் கமாண்டர் ஜீப் ஆறு வருடத்துக்கு முன் களவு போனது. இன்று வரை கிடைக்கவில்லை.

அப்பா ஒரு வித்தை வைத்திருந்தார். கியர்பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். ராத்திரி அதன் லீவரை நியூட்ரலில் விட்டுவிட்டு வருவார். எஞ்சினைக் கிளப்பினாலும், எந்தக் கியரைப் போட்டாலும் வண்டி நகராது, கார் மட்டும் ஓட்டிப் பழகியவனுக்கு ஏன் என்றே புரியாது என்பார். அதுதான் பூட்டு என்று நம்பினார். வந்தவன் புரிந்தவனாக இருந்தான். எஞ்சினை அவன் தொடவே இல்லை. இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டான். நியூட்ரலில் நின்ற வண்டி அவனுக்கு இன்னும் லேசாகப் போயிற்று. காலையில் செம்மண்ணில் இரண்டு வண்டியின் டயர்த் தடம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. ரோடு வரும் வரை நானும் அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

அப்பா அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே திண்ணைக்கு வந்துவிடுவார். அதனால் சொல்கிறேன், பூப்பாறை அண்ணே, ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாதபடி கட்டுங்கள். திருப்ப முடியாத வண்டியை மலை ரோட்டில் இழுத்துப் போக முடியாது. முதல் வளைவிலேயே பள்ளம்தான்.

கம்பம்_பட்டறை:

அக்கா, மனசு கனத்துவிட்டது. அந்த நியூட்ரல் வித்தையை இன்னும் பல பேர் செய்கிறார்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள். களவு ஒரு பக்கம், ஆபத்து இன்னொரு பக்கம். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டு நிறுத்தியும் பயனில்லை, சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இருக்காது. ஹேண்ட் பிரேக் மட்டுமே வண்டியைப் பிடித்து நிற்கும். முப்பது வருட ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கை நம்பி சரிவில் விடுவதா? கீழே குழந்தைகள் விளையாடும் முற்றம் இருந்தால்?

டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் 4-லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) இருக்கட்டும், கியர் முதலாம் கியரிலோ ரிவர்ஸிலோ இருக்கட்டும், இரண்டும் அசையாதபடி பூட்டுங்கள். கயிறு கட்டி இழுத்தாலும் சக்கரம் உருளாமல் உரசிக்கொண்டுதான் வரும். அந்தச் சத்தத்துக்கு ஊரே எழுந்துவிடும்.

வில்லிஸ்_பெரியவர்:

என் வயது 71. வில்லிஸ் காலத்திலிருந்து ஜீப் ஓட்டுகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஓடிய பெரும்பாலான ஜீப்புகளில் சாவியே கிடையாது, திருகு சுவிட்ச்தான். பட்டாளத்துக்காரர்களே ஒருவர் ஜீப்பை ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்போதே ஸ்டியரிங்குக்குச் சங்கிலி போட்டார்கள். பொறிக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் இன்றும் இதைச் செய்யலாம், ஒரு நிமிட வேலை. டீசலில் கழற்றிப் பையில் போட அப்படி ஒன்று இல்லை, அதுதான் சங்கடம்.

ஒருவரும் சொல்லாத ஒன்று: பழைய ஜீப்பின் சாவித் துளை தேய்ந்திருக்கும். என் வண்டியை என் பீரோச் சாவி போட்டுத் திருப்பிக் காட்டியிருக்கிறேன். முதலில் அந்தச் சுவிட்சையே மாற்றுங்கள்.

ஆர்சி_கணக்கர்:

எல்லோரும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மலர் அக்கா, அந்த ஜீப்புக்கு இன்ஷூரன்ஸ் இருந்ததா?

நெடுங்கண்டம்_மலர்:

மூன்றாம் நபர் பாலிசி மட்டும். களவுக்குப் பணம் வராது என்று அன்றுதான் தெரிந்தது.

ஆர்சி_கணக்கர்:

பெரும்பாலான பழைய ஜீப்புகளுக்கு இதுதான் நிலைமை. மூன்றாம் நபர் பாலிசியில் களவுக்கு ஒரு பைசா கிடையாது. முழுப் பாலிசி கேளுங்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், அட்டவணை கிடையாது. எல்லோரும் தர மாட்டார்கள். நாலு இடம் கேளுங்கள். புதுப்பித்த ஆர்சி, பட்டறை பில், நாலு பக்கமும் எடுத்த படம் எல்லாம் இருந்தால் பேசலாம். பாலிசி போட்ட பிறகு இரண்டு சாவியையும் பத்திரமாக வையுங்கள், கிளெய்ம் என்று போனால் இரண்டையும் கேட்பார்கள். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் பணம் வருவது கஷ்டம்.

களவு போனால் அன்றே போலீஸில் எஃப்ஐஆர் போடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டப்படி, குற்றம் நடந்த எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். பூப்பாறையில் போன வண்டி போடியில் இறங்கியிருக்கும் என்று தோன்றினால் போடியிலேயே கொடுக்கலாம். எல்லையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். எஃப்ஐஆர் உடனே போட்டிருந்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்வது மட்டும் தாமதமானால் அதைக் காரணம் காட்டிப் பணத்தை மறுக்கக்கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கம்பம்_பட்டறை:

சார், நீங்கள் சொல்வது எல்லாம் வண்டி போன பிறகு. பணம் வந்தாலும் அப்பா வாங்கிய ஜீப் வருமா?

ஆர்சி_கணக்கர்:

வராது தம்பி. ஆனால் கிடைத்த வண்டியை உங்களுடையது என்று நிரூபிக்கவும் காகிதம் வேண்டும். சேஸிஸ் எண் எங்கே பொறித்திருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? சேற்றையும் கிரீஸையும் துடைத்து, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் இன்றே படம் எடுங்கள். பழைய ஜீப்பை முழுதாக விற்பதைவிடப் பிரித்து விற்பது லேசு. கியர்பாக்ஸ், ஆக்ஸில், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் தேவை இருக்கிறது. பிரிக்கிற பாகங்களில் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறியைப் பொறித்து வையுங்கள்.

பூப்பாறை_ஜீப்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் ஒருவர் இன்னொரு யோசனை சொன்னார்: டீசல் டேங்கிலிருந்து வரும் லைனில் ஒரு வால்வு வைத்து ராத்திரி அடைத்துவிடலாம் என்று. அது எப்படி?

கம்பம்_பட்டறை:

ஃபில்டரில் நிற்கும் டீசலில் வண்டி கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் இருமி நிற்கும். திருடன் நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடுவான். நல்ல யோசனைதான். ஆனால் நீங்கள் ஒரு நாள் திறக்க மறந்தால் லைனில் காற்று ஏறிவிடும். கை பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டியிருக்கும். வளைவில் ஏறும்போது அப்படி நின்றால் பின்னால் வருபவருக்கும் ஆபத்து. மறதி இருந்தால் வேண்டாம்.

பூப்பாறை_ஜீப்காரன்:

வால்வை விட்டுவிடுகிறேன். கட்-ஆஃபை எடுக்கப் போவதில்லை தம்பி, ஹீட்டரை அணைத்ததும் அதுதானே. சாவி சுவிட்சை மாற்றிவிட்டேன். நேற்று பத்து மில்லிமீட்டர் சங்கிலி வாங்கி கிளட்ச் மிதியோடு ஸ்டியரிங்கைக் கட்டினேன். கியர் லாக்குக்கு அடுத்த வாரம் உங்கள் பட்டறைக்கு வருகிறேன். சேஸிஸ் எண் படம் எடுத்தாயிற்று, முன் இடது பக்கம் ஒரு அங்குல கிரீஸுக்கு அடியில் இருந்தது. ஜிபிஎஸ்ஸை மட்டும் யோசிக்கிறேன்.

கோவை_நாலுசக்கரம்:

யோசியுங்கள், ஆனால் ரொம்ப நாள் யோசிக்காதீர்கள். ஒரு தடவை வந்தவனுக்கு உங்கள் சரிவு தெரிந்துவிட்டது. அந்தக் கல்கட்டும் தெரிந்துவிட்டது.

கம்பம்_பட்டறை:

அது உண்மை, இந்த ஒன்றில் கோவைக்காரரோடு சேர்ந்துகொள்கிறேன். முன்சக்கரத்தை ரோட்டுப் பக்கம் திருப்பாமல் மண்மேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள் அண்ணே. சங்கிலியைத் தொங்கவிட்டு வண்டித் தரையில் கிடக்க விடாதீர்கள். தரையில் கிடந்தால் சங்கிலி வெட்டும் கட்டரின் ஒரு கையை அங்கேயே ஊன்றி, இன்னொரு கையில் ஏறி மிதித்தே அறுத்துவிடுவார்கள். மிதிக்கு மேலே இழுத்து, இறுக்கமாகக் கட்டுங்கள்.