ஓவிய ஆசிரியர் பயிற்சி: வரையத் தயங்கும் மாணவர்களை எவ்வாறு அணுகுவது?

அனைவருக்கும் வணக்கம். பள்ளி ஓவிய ஆசிரியராவதற்காகப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நான், அடுத்த மாதம் கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லவிருக்கிறேன். குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாக கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் விளக்கியதைப் படித்தபோது, ஏறத்தாழ 9 வயதுக்குப் பிறகு பிள்ளைகள் கண்ணால் காண்பதைப் போலவே வரைய விரும்புகிறார்கள் என்பதும், கை அதற்கு ஒத்துழைக்காதபோது பலர் ‘எனக்கு வரைய வராது’ என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்பதும் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. நான் கற்பிக்கப்போவது அந்த வயதினருக்குத்தான்.

தாளைப் பாராமல், பொருளின் விளிம்பை மட்டும் கண்ணால் தொடர்ந்து வரையும் பயிற்சியோடு தொடங்கத் திட்டமிட்டிருக்கிறேன். களிமண் வேலையும் உண்டு. ஆனால் 40 நிமிட வகுப்பில் பொருள்களைப் பகிர்ந்தளிக்கவும், இறுதியில் சுத்தம் செய்யவும் நேரம் ஒதுக்கினால், வரைவதற்கு மிஞ்சுவது மிகக் குறைவு. மாணவரின் தாளில் ஆசிரியர் கைவைத்துத் திருத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். வேறொரு தாளில் வரைந்து காட்டலாமா என்பதில்தான் தெளிவு வேண்டும்.

அனுபவமுள்ள ஆசிரியர்களே, வரைய மறுக்கும் மாணவரிடம் முதலில் என்ன பேசுவீர்கள்? திறமையை மட்டும் பாராமல், முயற்சிக்கும் மதிப்பெண் வழங்க எவ்வகை அளவுகோலைப் பயன்படுத்துகிறீர்கள்? நீங்கள் தயாரித்த பாடக்குறிப்பு ஒன்றைப் பகிர்ந்தாலும் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.