நன்றி சொல்லப் போய்த் தைரியத்தோடு திரும்பிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

முலுண்டிலிருந்து:

மும்பையில் இருக்கும் நம் மக்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005 ஜூலை 26. தேதியைச் சொன்னாலே இங்கே இருப்பவர்களுக்குப் புரியும். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஐந்தே மாதம். மாட்டுங்காவில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு மதியம் லோக்கல் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். சயானுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். ரொம்ப நேரம் கழித்து எல்லோரும் தண்டவாளத்தில் குதித்து நடக்க ஆரம்பித்தார்கள். நானும் குதித்தேன். இந்தியில் ஒரு வார்த்தை வராது. கையில் செல்போன் கிடையாது. கூட்டம் போன பக்கமே போய், ஸ்டேஷனை விட்டு தாராவிப் பக்கம் வெளியே வந்துவிட்டேன். அங்கே தண்ணீர் இடுப்பளவு ஓடியது. இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. ஒரு சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல். "ஏ பிள்ள, அங்கன நிக்காத. ஏணியப் பிடிச்சு மேல ஏறு."

தமிழ்க் குரல், அதுவும் எங்கள் திருநெல்வேலிப் பேச்சு. அந்த நொடியில் என் உடம்பில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வெளியே செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. தாராவியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மேலே பத்துக்குப் பத்து அறை. எனக்கு முன்பே அங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் கீழேயிருந்து தூக்கி வந்து வைத்த இட்லி மாவு டிரம். அந்த அக்கா வீட்டில் இட்லி வியாபாரம். விடியற்காலை நாலு மணிக்கு அவித்து, சைக்கிளில் கட்டி அனுப்புவார்கள். மறுநாள் விற்பதற்காக ஆட்டி வைத்திருந்த மாவை அன்றைக்கு ராத்திரியே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் அவித்து எல்லோருக்கும் கொடுத்தார். காசு கொடுக்கப் போன ஒருவரைத் திட்டினார். எனக்கு ஒரு நைட்டி கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார், நீலப் பூப் போட்டது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் அவர் வீட்டுக்காரர் சயான் சர்க்கிள்வரை கூடவே நடந்து வந்து என்னை விட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. முதலில் வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் இத்தனை நாள் கழித்து எப்படிப் போவது என்று. இப்படியே 19 வருஷம். லோக்கல் சயானைத் தாண்டும்போதெல்லாம் வாசல் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

போன வருஷம் ஆகஸ்டில் பழைய இரும்பு டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது அடியில் அந்த நைட்டி கிடந்தது. திருப்பிக் கொடுக்காமல் அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறேன்! துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெயர் தெரியாது. இட்லி போடும் வீடு, இரும்பு ஏணி, நெல்லைக்காரர்கள் என்று கேட்டால் அங்கே நூறு வீடு காட்டுவார்கள். மூன்று தடவை அலைந்து நாலாவது தடவை கண்டுபிடித்தேன்.

அக்காவுக்கு என்னை நினைவில்லை. "அன்னைக்கு யாரு யாரு வந்தாங்கன்னு யாரு பிள்ள எண்ணுனா?" என்றார். எனக்கு முகம் வாடிவிட்டது. பையிலிருந்து நைட்டியை எடுத்தேன். அதைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். "ஏ, இது எங்க மதினி எடுத்துத் தந்ததுல்லா! எங்க போச்சுன்னு எத்தன நாள் தேடினேன்!" மதினி இறந்து பன்னிரண்டு வருஷமாம். நைட்டியை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த நன்றி எதுவும் வாயில் வரவில்லை. இரண்டு பேரும் அழுதோம்.

இனிமேல்தான் விஷயம். கிரைண்டருக்கு மேலே இருந்த பலகையில் அல்ஜீப்ரா புத்தகமும் சில தாள்களும் இருந்தன. பேரனுடையதா என்று கேட்டேன். அவருடையது! ஊரில் ஏழாவதோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது 52 வயதில் 17-ஆம் நம்பர் படிவம் நிரப்பி, தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போகிறாராம். "மாவு ஆட்டுற கையி எழுதாதா என்ன?" என்றார். பதினோரு மணிக்குப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு மணிவரை படிப்பாராம்.

நான் பாளையங்கோட்டையில் கணக்கில் பி.எட். முடித்தவள். இங்கே வந்த பிறகு ஒரு நாள்கூடப் பாடம் நடத்தவில்லை. முதலில் இந்தி வராது என்று பயம், அப்புறம் குழந்தை, அப்புறம் வயதாகிவிட்டதென்று பயம். அந்தத் தாராவி வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், என் பயத்துக்கு நான் சொல்லிவந்த காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. அக்டோபரில் எங்கள் கட்டடத்திலேயே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்தேன். வீட்டில் தமிழ் பேசும், ஆனால் தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். மூன்று பிள்ளைகள் வந்தார்கள். இப்போது பதினாலு. தினசரி காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்து, கிழமை, நட்சத்திரம், ராகுகாலம் என்று அதிலிருந்தே எழுத்துக் கூட்டச் சொல்வேன். போன மாதம் ஒரு பெண் குழந்தை ஊரிலிருக்கும் ஆச்சிக்குத் தன் கையாலேயே தமிழில் கடிதம் எழுதியது. 'ழ' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'ள' போட்டிருந்தது. திருத்த மனம் வரவில்லை, அப்படியே அனுப்பச் சொன்னேன்.

இதுதான் என் கதை. உங்களுக்கும் இப்படி யாராவது உண்டா? சொல்லுங்கள்.

செம்பூரிலிருந்து:

அம்மா, உங்கள் கதையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2019-இல் என் மனைவிக்கு மார்பில் கட்டி. பரேல் டாட்டா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம். 1941-இலிருந்து நடக்கும் மருத்துவமனை அது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வெளியே நடைபாதையில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். நான் பிறந்து வளர்ந்ததே இந்த ஊர்தான். இந்தி, மராத்தி இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. அப்படியிருந்தும் அன்றைக்கு எந்த வரிசையில் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. மூளை மரத்துப்போயிருந்தது. தலையில் துணி கட்டிய ஒரு மராத்தி அம்மா, அவரும் நோயாளிதான், என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். முதலில் எங்கே, அடுத்து எங்கே, எந்தத் தாளை எங்கே நீட்ட வேண்டும் என்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று போட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை பார்த்தால் நன்றி சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் தேடினேன். அவரைப் பிறகு பார்க்கவே இல்லை.

மனைவி இப்போது நன்றாக இருக்கிறாள். சிகிச்சை முடிந்த பிறகும் எனக்கு அந்த டிக்கெட் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து பாஷை தெரியாமல் விழிப்பவர்கள் அங்கே தினமும் உண்டு. புதன்கிழமை காலையில் போய் நின்றால் என்ன என்று தோன்றியது. அதற்கு ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும். இதைக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆனது! இருபத்தாறு வருஷ சர்வீஸில் அரை நாள் அதிகமாக லீவு கேட்காதவன். கடைசியில் கேட்டேன். சாயந்திரம் உட்கார்ந்து ஈடு செய்துவிடுங்கள் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

இங்கே படிப்பவர்களுக்கு உதவுமே என்று ஒன்று சொல்கிறேன். வேறு ஊரில் பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்குச் சோதனை, எடுத்துவிட்டு வருகிறவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவருகிறார்கள். அது போதாது. பரிசோதித்த கண்ணாடிச் சில்லையும், 'பிளாக்' என்று சொல்லும் அந்த மெழுகுக் கட்டியையும் அந்த லேபில் கேட்டு வாங்கி வாருங்கள். இங்கே அதை மறுபடி பார்ப்பார்கள். இது தெரியாமல் திரும்ப ஊருக்கு ஆள் அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்குவதற்கு தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலை இருக்கிறது. மருத்துவமனையின் சமூக சேவைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

போன வாரம் விழுப்புரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு "உங்க பேரு என்னங்க, சாமிகிட்ட சொல்லணும்" என்றார். அந்த மராத்தி அம்மாவின் பெயரைச் சொல்லியிருப்பேன். அதைத்தான் நான் கேட்டு வைக்கவில்லையே.

அந்தேரியிலிருந்து:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நன்றி என்ற வார்த்தையை வைத்தே என்னை மூன்று வருஷம் ஒரு வேலையில் கட்டிப்போட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். ஞாயிறு கிடையாது. ஏதாவது கேட்டால், "உனக்கு வேலை கொடுத்தோமே, அந்த நன்றி இருக்கட்டும்." ஊருக்கு போன் செய்தால் அம்மாவும் இருப்பதை வைத்துத் திருப்தியாக இரு என்பார். நன்றியோடு இருப்பதும் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் ஒன்றுதான் போல என்று நானே நம்பிவிட்டேன்.

லேடீஸ் பெட்டியில் ஒரு ஆன்ட்டி வருவார், போரிவலி போகிறவர். மடியில் பிளாஸ்டிக் பை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டே வருவார். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஓரமாக உட்கார எனக்கு எப்போதும் அரை அடி தள்ளி இடம் கொடுப்பார். ஒரு நாள் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுததைப் பார்த்துவிட்டார். எதுவும் கேட்கவில்லை. ஒரு பிடி பட்டாணியை என் கையில் வைத்து உரிக்கச் சொன்னார். உரித்தேன். இறங்கும்போது இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கையில் எத்தனை மாத வாடகை இருக்கிறது?"

ஒரு மாதத்துக்குக்கூட இல்லை. அன்றையிலிருந்து சேர்க்க ஆரம்பித்தேன். நான் தங்கியிருந்த பிஜி (பேயிங் கெஸ்ட்) அறையில் இருவர் என்பதை மூவராக மாற்றிக்கொண்டேன். வெளியே சாப்பிடுவதை நிறுத்தினேன். ஒன்பது மாதத்தில் ஆறு மாத வாடகை சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். கை நடுங்கியது, ஆனால் கொடுத்தேன். புது வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனது. சம்பளம் பழையதைவிடக் குறைவு. ஆனால் ஏழு மணிக்கு வீடு. மாடியில் இரண்டு தொட்டியில் கறிவேப்பிலையும் துளசியும் வைத்திருக்கிறேன், தண்ணீர் ஊற்ற நேரம் இருக்கிறது. அதனால் என்னைப் போன்ற தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன், மனதைத் தேற்றிக்கொள்வதற்கு முன்னால் பணத்தை எண்ணுங்கள்.

ஆன்ட்டிக்கு நன்றி சொல்லிவிட்டேன். அடுத்த நாளே ஒரு டப்பா நிறைய மட்டர் பன்னீரோடு போனேன். பட்டாணி நான் உரித்தது.

தாராவியிலிருந்து:

எங்கள் அம்மாவும் இட்லி வியாபாரம்தான், 90 அடி ரோடு பக்கம். வெள்ளத்தன்று எங்கள் வீட்டிலும் ஏழெட்டுப் பேர் தங்கினார்கள். எனக்கு அப்போது ஆறு வயது. யாரோ ஒரு அண்ணன் என்னைத் தோளிலேயே வைத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதில் ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. அம்மா அதை எதிர்பார்த்ததும் இல்லை, குறையாகச் சொன்னதும் இல்லை. முலுண்ட் அக்கா எழுதியதை நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த நைட்டி இடம் வந்ததும் நிறுத்தி, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தத் தோள்ல வெச்சிருந்த பையன் இப்போ எப்படி இருக்கானோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உளுந்து ஊறப்போட எழுந்து போனார்.

அக்கா, அவர் பத்தாவது எழுதினாரா? ரிசல்ட் என்ன ஆச்சு?

முலுண்டிலிருந்து:

செம்பூர் சார், நீங்கள் சொன்ன மெழுகுக் கட்டி விஷயத்தைத் தனியாக எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். அந்தேரித் தங்கச்சி, நீ சொன்னது முழுக்கச் சரி. என்னை யாரும் அப்படிக் கட்டிப்போடவில்லை, அதனால் எனக்கு அது தோன்றவே இல்லை. தாராவித் தம்பி, அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரிசல்ட் மே மாதம் வந்தது. கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில் 35 வேண்டும், நாலு மார்க் குறைந்துவிட்டது. பயந்து பயந்துதான் போன் செய்தேன். அக்கா சொன்னார்: "அல்ஜீப்ரா வந்துட்டு பிள்ள. அந்த முக்கோணம்தான் பிடிபட மாட்டேங்கு."

துணைத் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டார். முக்கோணம் எனக்குத் தெரியும். ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும், மதியம் மூன்று மணிக்கு அக்கா சயானில் ஏறி இங்கே வருகிறார். போன வாரம் பிதாகரஸ் தேற்றத்துக்கு ஏணியைத்தான் உதாரணமாகச் சொன்னேன். சுவரில் சாய்த்த ஏணி, சுவரின் உயரம், தரையில் உள்ள தூரம். அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்டு ஏணி சாயாதே, நேரால்லா நிக்கி" என்றார். அதனால் வேறு ஏணி ஒன்றை வரைந்தோம்.