ஹைபிரிட் டியூப் ஹெட்ஃபோன் ஆம்ப்: வெயிலில் ரீங்காரம், சாரலில் கரகரப்பு. உதவி வேண்டும்

புளியரை (கேள்வி)

வணக்கம். பங்குனியில் ஒரு சின்ன ஹைபிரிட் டியூப் ஆம்ப் (வால்வும் டிரான்சிஸ்டர் அல்லது ஐ.சி-யும் சேர்ந்த பெட்டி) வாங்கினேன். இரண்டு 6ஜே1 வால்வு, 12 வோல்ட் அடாப்டர். லேப்டாப்பிலிருந்து யூ.எஸ்.பி வழியாக ஒரு டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), அதிலிருந்து ஆம்ப். ஹெட்ஃபோன் 32 ஓம்.

அம்மா ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் நான் பாட்டுக் கேட்பேன். பெரும்பாலும் நாகஸ்வரம், அதிலும் காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய பதிவுகள். போனில் நேராகச் செருகிக் கேட்டால் மேல் ஸ்தாயி காதைக் குத்தும். இந்தப் பெட்டியில் குத்தாது. அதற்காகவே வாங்கினேன்.

இப்போது பிரச்சினை. சித்திரை, வைகாசியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். தவில் முழங்கும்போது தெரியாது. ஆலாபனையில் அவர் மூச்செடுக்கும் இடைவெளியில் அப்படியே கேட்கும். ஆனியில் சாரல் தொடங்கியதும் ரீங்காரம் பாதியாகக் குறைந்தது. சந்தோஷப்பட்டேன். ஆனால் இடது காதில் கடுகு பொரிவது மாதிரி கரகரப்பு வந்துவிட்டது. இப்போது சாரல் ஓய்ந்து பத்து நாளாகிறது. கரகரப்பு எப்போதாவதுதான் வருகிறது, ரீங்காரம் மறுபடி ஏறிவிட்டது.

வால்வு கெட்டிருக்கும் என்று நினைத்துப் புதிதாக ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன். இரண்டு சத்தமும் அப்படியேதான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

குழித்துறை

தம்பி, நான் வால்வு ரேடியோ காலத்திலிருந்து இந்த வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று: இதை ஒரே கோளாறாகப் பார்க்காதீர்கள். ஒன்று வெயிலில் கூடுகிறது, மற்றது ஈரத்தில் கூடுகிறது. இரண்டும் வேறு வேறு. தனித்தனியாகப் பிரித்துப் பிடிக்க வேண்டும்.

ரீங்காரத்துக்கு மூன்று சோதனை. வால்யூமைக் கூட்டினால் ரீங்காரமும் கூடுகிறதா? ஆம்ப்புக்குள் வரும் ஆடியோ கேபிளைப் பிடுங்கினால் நிற்கிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் என்ன ஆகிறது?

கரகரப்புக்கு ஒரே சோதனை. ஆம்ப்பை அணைத்து, அடாப்டரையும் கழற்றி, கால் மணி நேரம் ஆறவிட்டு, இடது வால்வை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுங்கள். கரகரப்பும் கூடவே வலது காதுக்குப் போனால் வால்வில் கோளாறு. இடதிலேயே நின்றால் வால்வில் இல்லை. கழற்றும்போது பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், கண்ணாடி அடியில் விரிசல் விடும். உச்சியில் வெள்ளி பூசியது போல ஒரு பளபளப்பு இருக்கிறதே, அது எப்போதாவது பால் மாதிரி வெளுத்துப்போனால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். அந்த வால்வைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தென்மலை

மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன் அண்ணாச்சி. எனக்கும் இதே ரீங்காரம் இருந்தது. லேப்டாப் சார்ஜரின் மூன்று பின்னில் பெரிய பின் இருக்கிறதல்லவா, அதில் டேப் சுற்றிவிட்டேன். சத்தம் போய்விட்டது. செலவே இல்லை.

பாலக்காடு

டேப் சுற்றாதீர்கள். யார் செய்திருந்தாலும் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறேன். அந்தப் பெரிய பின்தான் எர்த். உள்ளே எங்காவது காப்பு போய், ஃபேஸ் கம்பி உலோகத்தில் பட்டால், மின்சாரம் உங்கள் உடம்பைத் தேடாமல் மண்ணுக்குப் போவதற்கு இருக்கும் வழி அது. தலையில் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கிறீர்கள், கையில் உலோகப் பெட்டி. அந்த நேரத்தில் வழியை அடைத்து வைக்கலாமா?

புளியரை, நீங்கள் ஒன்று சொல்லுங்கள். சார்ஜர் செருகியிருக்கும்போது லேப்டாப்பின் உலோகப் பக்கத்தில் விரலை லேசாக ஓட்டினால் சுருக்கென்று இருக்கிறதா? வீட்டில் வேறு எந்தச் சாமானிலாவது அப்படி உண்டா?

புளியரை

எல்லாம் செய்து பார்த்தேன். வால்யூமோடு ரீங்காரம் கூடுகிறது. கேபிளைப் பிடுங்கினால் சுத்தமாக அமைதி. பேட்டரியில் ஓட்டினாலும் அமைதி. உண்மையைச் சொன்னால், டீச்சரின் பதிலைப் பார்ப்பதற்கு முன்பே தென்மலை சொன்னபடி டேப் சுற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. சுற்றினாலும் அதே சத்தம், பிரித்தாலும் அதே சத்தம். பிரித்துவிட்டேன்.

லேப்டாப்பில் விரலை ஓட்டினால் மெல்ல அதிர்கிற மாதிரி இருக்கிறது. அப்புறம் அம்மா சித்திரையிலிருந்தே கிரைண்டர் 'சுருக்குன்னு இழுக்குது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஈரக்கையோடு தொடுவதால் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொரு பயம். இடது வால்வைக் கழற்றி வைத்துவிட்டு ஆன் செய்தேன், வலது வால்வும் எரியவில்லை. எதையாவது கெடுத்துவிட்டேனா?

குழித்துறை

கெடுக்கவில்லை. 6ஜே1-இன் ஹீட்டருக்கு, அதாவது வால்வைச் சூடேற்றும் உள் இழைக்கு, 6.3 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டிகளில் இரண்டு ஹீட்டரையும் தொடராகக் கோத்திருப்பார்கள். பழைய சீரியல் லைட் மாதிரி, ஒன்றை உருவினால் மற்றதும் அணையும். திருப்பிப் போட்டால் எரியும். அடியில் ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தால் அதை ஹீட்டர் என்று எண்ணிவிடாதீர்கள். பல பெட்டிகளில் அழகுக்காக ஒரு எல்.இ.டி வைத்திருப்பார்கள். உண்மையான ஹீட்டர் நடுக்குழலின் நுனியில் மங்கலாகச் சிவந்து தெரியும், அறையை இருட்டாக்கிப் பார்க்க வேண்டும்.

ஹீட்டர் டி.சி-யில் எரிவதால் அதிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஹம் வர வாய்ப்பில்லை. பழைய வால்வு ரேடியோவில் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். இங்கே அது கணக்கிலேயே வராது. கேபிளைப் பிடுங்கினால் அமைதி என்றால் ஆம்ப் நன்றாக இருக்கிறது, சத்தம் வெளியிலிருந்து வருகிறது. மீதியை டீச்சர் சொல்வார்கள்.

பாலக்காடு

டேப் சுற்றியும் மாற்றம் இல்லை என்றீர்களே, அதுதான் விடை. எர்த்தைத் துண்டித்தாலும் துண்டிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்றால், அந்த பிளக் பாயிண்ட்டில் எர்த் இல்லவே இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது.

எப்படி என்று விளக்குகிறேன். லேப்டாப் சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டச் சின்ன மின்தேக்கிகள் இருக்கும், ஒரு கால் ஃபேஸில், ஒரு கால் நியூட்ரலில், நடுப்புள்ளி எர்த்தில். எர்த் சரியாக இருந்தால் அந்தத் துளிக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் நடுப்புள்ளி அந்தரத்தில் தொங்கும். 230 வோல்ட்டின் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், லேப்டாப்பின் உலோகத்தில் வந்து நிற்கும். மில்லி ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டம் என்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் அது யூ.எஸ்.பி கேபிளின் கவசக்கம்பி வழியாக டாக், ஆம்ப், அடாப்டர் என்று வழி தேடி ஓடும். போகிற வழியில் பாட்டு சிக்னலின் பொதுக் கம்பியான கிரவுண்டிலும் கலந்துவிடும். உங்கள் ரீங்காரம் அதுதான்.

சாரலில் குறைந்தது ஏன் என்றால், மண் நனைந்தால் எர்த் குழியின் (எர்த் கம்பி மண்ணில் இறங்கும் இடம்) மின்தடை குறையும். கசிவு கொஞ்சமாவது இறங்கும். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் அதுவும் போச்சு.

மல்டிமீட்டர் பழக்கம் இருந்தால் மட்டும், ஏ.சி 750 வோல்ட் வரம்பில் வைத்து, பிளக் பாயிண்ட்டில் மூன்று அளவு எடுங்கள்: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். பழக்கம் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம். எர்த் அறுந்திருந்தால் அந்த பல்பு வழியாக வீட்டிலுள்ள எல்லா உலோகச் சாமானுக்கும் மின்சாரம் ஏறும்.

அம்மாவை கிரைண்டரைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள். ஹெட்ஃபோன் காத்திருக்கும், இது காத்திருக்காது.

புளியரை

அளந்தேன். ஃபேஸ்–நியூட்ரல் 231, ஃபேஸ்–எர்த் 128, நியூட்ரல்–எர்த் 104. கை நடுங்கிவிட்டது. கிரைண்டர் பிளக்கைக் கழற்றிவிட்டேன். நாளை காலையில் செங்கோட்டையிலிருந்து எலெக்ட்ரீஷியன் வருகிறார்.

தென்மலை

டீச்சர், நானும் டேப்பைப் பிரித்துவிட்டேன். எனக்கு டேப் சுற்றியதும் சத்தம் போனதே, அப்படியானால் என் வீட்டில் எர்த் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ரீங்காரத்துக்கு நான் வேறு என்ன செய்வது?

பாலக்காடு

ஆமாம், பெரும்பாலும் உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அதனால் உங்களுடையது கிரவுண்ட் லூப் (கிரவுண்ட் இரண்டு வழியாக இணைந்து வளையமாவது), வேறு நோய். லேப்டாப் ஒரு பாயிண்ட்டிலும் மற்றச் சாமான் ஒரு பாயிண்ட்டிலும் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பலருக்கு அதிலேயே தீரும். தீராவிட்டால் டாக்குக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேர்க் கம்பித் தொடர்பு இல்லாமல் பாட்டை மட்டும் கடத்துவது) போடலாம். பாட்டுக்கு மட்டும் போனை பேட்டரியில் வைத்து ஓட்டுவது அதைவிட எளிது. போனை வால்வுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். 2ஜி சிக்னலுக்குப் போனால் 'டடக் டடக்' என்று உள்ளே வரும்.

புளியரை

எலெக்ட்ரீஷியன் வந்து போனார். விவரமாகவே சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

வீட்டுக்குப் பின்னால் தென்னைக்குப் பக்கத்தில் எர்த் குழி. பத்துப் பன்னிரண்டு வருஷமாக யாரும் திறக்கவில்லை. மேலே மண் மூடி, நாங்கள் விறகு அடுக்கியிருந்தோம். மெயினை அணைத்துவிட்டுத் தோண்டினார். ஜி.ஐ. குழாயையும் கம்பியையும் சேர்க்கும் கிளாம்ப் துருப்பிடித்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் ஊற்றும் புனல் முழுக்க மண். கரியும் உப்பும் இருந்த தடமே இல்லை. புதுக் கிளாம்ப், புதுக் கம்பி, கரி, உப்பு போட்டு மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார். மீட்டர் வைத்து அளந்தார், 4 ஓம். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச்) ஒன்றும் மாட்டச் சொல்லிவிட்டேன்.

பிளக் பாயிண்ட்டில் இப்போது ஃபேஸ்–எர்த் 229. நியூட்ரல்–எர்த் 1.5. அம்மா கிரைண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'ஒண்ணும் இல்ல' என்றார்கள். எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்தது.

ரீங்காரம் இல்லை. சார்ஜர் செருகியபடியே வால்யூமை முக்கால் வரை ஏற்றிப் பார்த்தேன், வால்வின் மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும்தான்.

இனி கரகரப்பு. வால்வுகளை மாற்றிப் போட்டும் இடது காதிலேயே நிற்கிறது. ஆனால் கழற்றி மாட்டிய பிறகு இரண்டு நாள் வரவே இல்லை. நேற்று மழை தூறியது, மறுபடி வந்துவிட்டது.

குழித்துறை

அப்படியானால் சாக்கெட். ஈரக்காற்றில் தொடர்புத் தகடுகளில் பாசி பிடித்தாற்போல ஒரு படலம் வரும். கழற்றி மாட்டும்போது அது உரசிப் போகும், மழை வந்தால் மறுபடி படியும்.

மொபைல் ரிப்பேர் கடையில் ஐ.பி.ஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) என்று கேளுங்கள், கொடுப்பார்கள். அணைத்து, கழற்றி, ஆறவிட்டு, பல் இடுக்கில் விடும் குட்டி பிரஷ் இருக்கிறதே, அதை ஐ.பி.ஏ-யில் நனைத்து ஏழு துளையிலும் நாலைந்து தடவை ஏற்றி இறக்குங்கள். வால்வின் பின்களையும் துடையுங்கள். அரை மணி நேரம் உலரட்டும். பெட்ரோல் வேண்டாம், ஆபத்து. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் ஏதாவது துளை தளர்ந்திருக்கும். ஊசியால் தகட்டை மிக லேசாக உள்ளே நெருக்க வேண்டும். அதை அப்புறம் பார்ப்போம்.

மறுபடி ஆன் செய்யும்போது ஹெட்ஃபோனைச் செருகாதீர்கள். ஹீட்டர் சூடேற அரை நிமிஷம் ஆகும். இந்தப் பெட்டிகளில் வால்வு வோல்ட்டேஜைப் பெருக்கித்தான் கொடுக்கும், 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு வேண்டிய கரண்டைத் தள்ளுவது பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டரோ ஐ.சி-யோதான். எல்லாம் நிலைக்கு வரும் முன் செருகியிருந்தால் 'டொப்' என்று ஒரு அடி போகும். அதைத் தடுக்கும் ரிலே எல்லாப் பெட்டியிலும் இருக்காது.

புளியரை

இடது சாக்கெட்டில் விட்ட பிரஷ் கறுப்பாக வந்தது. வலதில் அவ்வளவு இல்லை. மூன்று இரவு ஆயிற்று, நடுவில் ஒரு நாள் நல்ல மழை. கரகரப்பு வரவில்லை. நேற்று ஆலாபனை முழுவதையும் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். மூச்செடுக்கும் சத்தமே கேட்கிறது. அந்த இடத்தில் இத்தனை நாள் ரீங்காரம்தான் இருந்தது. குழித்துறை அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் நன்றி.

எர்த் குழியை சிமென்ட் மூடி போட்டு மூடியாயிற்று. அம்மா அதன் மேல் துளசித் தொட்டி வைக்கலாமா என்று கேட்கிறார்கள்.

பாலக்காடு

தொட்டியை ஒரு முழம் தள்ளி வையுங்கள். மூடியைத் தூக்க இடம் வேண்டும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதே உப்பு இரும்பையும் தின்னும். வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரை பிறந்ததும் திறந்து கிளாம்ப்பைப் பாருங்கள், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.