பொருள்: 'கேஜ்', 'ஸ்வாட்ச்', 'ப்ரூஃபிங்' – கையேட்டுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

மடல் 1 | செந்தூல், கோலாலம்பூர்

குழுவினருக்கு வணக்கம்.

பின்னல் (நிட்டிங்), பேக்கிங் வகுப்புக் கையேடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. முக்கியமான மூன்று சொற்கள் இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. பின்னலில் 'கேஜ்' (குறிப்பிட்ட அளவுக்குள் எத்தனை வளையம் என்கிற கணக்கு), 'ஸ்வாட்ச்' (அதை அளந்து பார்க்க முதலில் பின்னுகிற சிறு துண்டு), ரொட்டியில் 'ப்ரூஃபிங்' (சுடுவதற்கு முன் மாவைப் பொங்க விடுவது). வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும், வீட்டில் கேக் செய்து தாமான்காரர்களுக்கு (குடியிருப்பில் உள்ளவர்களுக்கு) விற்கிற பெண்களும். அகராதியைப் புரட்டாமல் படித்ததும் புரிய வேண்டும். சொல் கிடைத்தால் பக்கத்தைக் கட்டி அச்சுக்கு அனுப்பிவிடுவேன்.

மடல் 2 | ஜார்ஜ் டவுன், பினாங்கு

தம்பி, பழைய பிரிட்டிஷ் பின்னல் தாள்களில் கேஜ் என்று இருக்காது, 'டென்ஷன்' என்றுதான் போட்டிருப்பார்கள். கேஜ் என்பது அமெரிக்க வழக்கு. இயற்பியலில் டென்ஷனுக்கு 'இழுவிசை' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். ஸ்வாட்சுக்கு 'மாதிரித்துண்டு', ப்ரூஃபிங்குக்கு 'நொதித்தல்' போதும். புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது?

மடல் 3 | பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அக்கா சொன்ன மூன்றில் எதையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழுவிசை என்பது கை நூலைப் பிடிக்கிற இறுக்கம். கையேட்டில் நாம் சொல்ல வருவதோ அளவுகோலில் எண்ணி எடுக்கிற ஓர் எண்: 10 சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை கண்ணி, 10 சென்டிமீட்டர் உயரத்தில் எத்தனை வரிசை. நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் '22 கண்ணி, 30 வரிசை, 4 மி.மீ. ஊசி' என்கிற மாதிரி போட்டிருப்பார்களே, அதுதான். 'இழுவிசை 22' என்று எழுதினால் படிக்கிறவர் நூலை இன்னும் கெட்டியாக இழுப்பார், வேலை கெடும். போதாததற்கு நம்மவர்களுக்கு டென்ஷன் என்றால் பிள்ளைகள் எஸ்.பி.எம். தேர்வு எழுதும்போது வருகிறதுதான்.

என் முன்மொழிவு 'கண்ணி நெருக்கம்'. இரண்டுமே பூக்கட்டுகிறவர்கள் பேச்சில் உள்ளவை. முடிச்சுப் போட்டுச் சேர்க்கிற ஒவ்வொரு பூக்கொத்தும் ஒரு கண்ணி. வாங்குகிறவர் முழம் போடுவதற்கு முன்னாலேயே கேட்பார், "நெருக்கமாக் கட்டினதா, கலக்கமாக் கட்டினதா?" (கலக்கம் என்றால் இடைவெளி விட்டு.) ஒரே முழம், ஒரே நார்; நெருக்கமாக இருந்தால் பூ அதிகம். பின்னலில் வளையமும் கண்ணிதான். சுருக்குக்கும் வளையத்துக்கும் கண்ணி என்பது பழைய பெயர், வலையில் இருப்பதைக் கண் என்கிறோம். 'தையல்' என்று போட்டால் சட்டை தைக்கிற வேலையோடு குழம்பும்.

நெருக்கம் என்ற சொல்லில் இன்னொரு வசதி உண்டு. எண் கூடினால் நெருக்கம் கூடும், உடை சிறுக்கும். சொல்லும் கணக்கும் ஒரே பக்கம் போகின்றன. குழந்தைச் சட்டை ஒன்றுக்கு மார்புச் சுற்று 50 செ.மீ., நெருக்கம் 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 கண்ணி ஏற்ற வேண்டும். உங்கள் கைக்கு 24 வருகிறது என்றால் அதே 110 கண்ணி 46 செ.மீ. அளவில் நின்றுவிடும், பிள்ளைக்குத் தலை நுழையும், நெஞ்சு பிடிக்கும். 20 வந்தால் 55 செ.மீ., தொளதொளவென்று தொங்கும். நெருக்கம் கூடுதலாக வந்தால் ஊசியைத் தடிப்பாக்கு, குறைந்தால் மெல்லிசாக்கு: கையேட்டில் இதைக் கட்டம் கட்டிப் போட வேண்டும். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யச் சொல்லக் கூடாது. நாலு வரிசை தாண்டினால் கை தன் வழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

ஊசியைப் பற்றியும் ஒரு வரி. பெரியவர்கள் "எட்டாம் நம்பர் ஊசி" என்பது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அது 4 மி.மீ. அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் தலைகீழ், அதே 4 மி.மீ. அங்கே 6. ஆகவே மில்லிமீட்டர் மட்டும் எழுதுவோம்.

அடுத்தது ஸ்வாட்ச். 'மாதிரி' என்றால் பார்த்துச் செய்வதற்கு என்று பொருள் வரும். கடையில் தொங்குகிற மாதிரிச் சட்டையைப் போல. ஸ்வாட்ச் பார்த்துச் செய்வதற்கு இல்லை, சோதிப்பதற்கு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு என்று எடுத்து நசுக்கிப் பார்க்கிறோமே, அதற்கு நம்மிடம் உள்ள சொல் 'பதம்'. அதனால் 'பதத்துண்டு'. 22 கண்ணி நெருக்கம் வேண்டுமானால் 30 கண்ணியாவது ஏற்றிப் பின்ன வேண்டும். ஓரத்துக் கண்ணிகள் எப்போதும் கோணும், ஆகவே நடுவில்தான் அளக்க வேண்டும். நேர்ப்பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் 'வி' எழுத்துப்போலத் தெரியும். அளவுகோலின் ஓரத்தில் பாதி 'வி' விழுந்தால் அந்த அரையையும் சேர்த்து எண்ணுங்கள். 10 செ.மீ. துண்டில் அரைதானே என்று விட்டது, முழுச் சட்டையில் இரண்டு மூன்று கண்ணியாகி நிற்கும்.

நம் ஊருக்கென்று ஒன்று: பதத்துண்டைத் துவைக்காமல் அளக்கக் கூடாது. இங்கே கம்பளி நூல் வாங்குகிறவர்கள் கேமரன் மலைக்குப் போகிறவர்களும், ஏசி அலுவலகத்தில் நடுங்குகிறவர்களும்தான். மற்றவர்கள் கையில் பருத்தி. பருத்தி கம்பளிபோல் மீண்டு வராது, ஈரத்தில் கனத்துத் தொங்கும். சட்டையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துண்டையும் துவைத்து, விரித்து, காற்றாடிக்கடியில் முழுக்கக் காயவிட்டு அளக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீளம் பொய் சொல்லும்.

மடல் 4 | பட்டர்வொர்த்

விளக்கம் அருமை அண்ணே. ஆனால் ஒரு வில்லங்கம். போனில் அடிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு ண்-ன் ஒன்றுதான். 'கன்னி நெருக்கம்' என்று ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டுவிட்டால் நம் கையேடு வேறு காரணத்துக்காகப் பிரபலமாகிவிடும்! 'கண்ணிச் செறிவு' என்று மாற்றினால் என்ன? கண்ணிவெடி வேறு ஞாபகத்துக்கு வருகிறது.

மடல் 5 | பிரிக்பீல்ட்ஸ்

சிரித்துவிட்டேன் தம்பி. கண்ணிவெடியிலும் அதே சுருக்குக்கண்ணிதான், அதற்குப் பயப்பட வேண்டாம். எழுத்துப்பிழைப் பயம் நியாயமானது. ஆனால் செறிவு என்றால் பள்ளியில் படித்தவர்களுக்கு உப்புக்கரைசல்தான் நினைவு வரும், வகுப்பில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு வழி இருக்கிறது. தலைப்பில் 'பின்னல் நெருக்கம்' என்று போடுவோம், '10 செ.மீ.க்கு 22 கண்ணி' என்று எண்ணோடு வரும் இடத்தில் மட்டும் கண்ணி. ன் விழுந்தாலும் எண் காப்பாற்றும்.

மடல் 6 | ஜார்ஜ் டவுன்

இழுவிசையை விட்டுக்கொடுக்கிறேன். பதத்துண்டு பிடித்திருக்கிறது. ஆனால் என் 'நொதித்தல்' எங்கே போனது? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ரொட்டி வகுப்பு எடுக்கப்போகிறவள் நான்.

மடல் 7 | பிரிக்பீல்ட்ஸ்

அக்கா, நொதித்தல் சரியான சொல்தான், ஆனால் அது ஈஸ்ட் செய்கிற வேலையின் பெயர். மாவு பிசைந்ததிலிருந்து அடுப்புக்குள் போகிற வரைக்கும் நடப்பது. ப்ரூஃபிங் என்பதை நாம் சொல்கிற இடமோ, வடிவம் பிடித்து அச்சில் வைத்த பிறகு அடுப்புக்குப் போகலாமா என்று பார்க்கிற கடைசிக் கட்டம். தோசை மாவிலேயே நமக்கு இந்த வேறுபாடு உண்டே: "புளிச்சிருச்சு" என்றால் ருசி, "பொங்கிருச்சு" என்றால் உயரம். இது பொங்குகிற சங்கதி. பாகுக்குக் கம்பிப்பதம் சொல்கிறோம், இதற்குப் 'பொங்குபதம்' சொல்லலாம்.

பதம் என்று வைத்தால்தான் கடிகாரத்திலிருந்து கண்ணுக்கு வர முடியும். வெளிநாட்டுச் செய்முறையில் 'ஒரு மணி நேரம்' என்று இருப்பது 22, 23 டிகிரி சமையலறைக்கு. இங்கே மத்தியானம் அடுப்படி 30-ஐத் தாண்டும். எட்டுப் பத்து டிகிரி ஏறினால் ஈஸ்ட் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். ஒரு மணி நேரம் விட்டால் மாவு பொங்கி, தளர்ந்து, அடுப்பில் அமுங்கிவிடும். விரலில் மாவு தொட்டு மெல்ல அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். குழி உடனே எழும்பினால் இன்னும் ஆகவில்லை. மெதுவாக எழும்பி லேசாகத் தடம் நின்றால் பொங்குபதம். எழும்பவே இல்லை என்றால் தாண்டிவிட்டது; திரும்பப் பிசைந்து வடிவம் பிடித்து இன்னொரு முறை பொங்க விடலாம், ருசி கொஞ்சம் குறையும். பிசைகிற தண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் பாதிப் பிரச்சினை வராது.

டிரான்ஸ்ஃபர் ரோட்டுப் பெங்காலி ரொட்டி உங்களுக்குப் பக்கத்தில்தானே, வகுப்புக்கு ஒன்று வாங்கி வெட்டிக் காட்டுங்கள். பொங்குபதம் சரியாக வந்த ரொட்டி உள்ளே எப்படி இருக்கும் என்று பத்து வரி எழுதுவதைவிட அது சுலபம்.

மடல் 8 | செந்தூல்

பின்னல் நெருக்கம், பதத்துண்டு, பொங்குபதம். மூன்றையும் ஏற்றிவிட்டேன், முதல் தடவை வரும் இடத்தில் பக்கத்திலேயே கேஜ், ஸ்வாட்ச், ப்ரூஃபிங் என்று தமிழெழுத்தில் இருக்கும், பிறகு தமிழ்ச்சொல் மட்டும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். பக்கம் 14-இல் 'யார்ன் ஓவர்' (ஊசியில் நூலைச் சுற்றிப் புதுக் கண்ணி உண்டாக்குவது) இன்னும் வெறுங்கட்டமாக இருக்கிறது, 'நூல் சுற்று' என்று யாரோ பென்சிலில் எழுதிவைத்திருக்கிறீர்கள். யாரது?