பழைய லென்ஸ்களைச் சோதிப்பது எப்படி? 28 மி.மீ. லென்ஸில் தூரத்துக் காட்சி கூர்மையாக விழவில்லை

நிழற்பெட்டி:
வணக்கம். என்னிடம் பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஃபிலிம் கேமரா இருக்கிறது, எம்42 திருகு மவுண்ட் (லென்ஸைத் திருகி மாட்டும் வகை). கூடவே வந்த 55 மி.மீ. டக்குமார் லென்ஸை மட்டும் வைத்து ஒன்றரை வருடம் ஓட்டினேன், அப்புறம் ஆசை வந்து ஹீலியோஸ் 44-2, ஒரு 135 மி.மீ., ஒரு 28 மி.மீ. என்று சேர்த்துவிட்டேன். மூன்றும் பழையவை. 28இல் எடுத்த மலைப் படங்கள் எல்லாமே மங்கல். லென்ஸா, கேமராவா, என் கையா என்று தெரியவில்லை. ரோலுக்கு 36 படம்தான், சோதனைக்கே கரைக்க மனம் வரவில்லை. நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?

மஞ்சள்ஃபில்டர்:
ஃபிலிம் போடாமலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். அப்பெர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பை) முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சற்றுச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழையோடினால் பூஞ்சை, பால் படிந்த மாதிரி இருந்தால் உள்ளே படலம். தூசி நாலைந்து இருந்தால் விட்டுவிடுங்கள், படத்தில் தெரியாது. அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா என்றும் பாருங்கள், தானாக மூடும் லென்ஸில் அது இதழை மந்தமாக்கி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். (ஹீலியோஸ் 44-2இல் கையால் வளையத்தைத் திருப்பித்தான் மூடுகிறோம், அங்கே அவ்வளவு கவலை இல்லை.)

உங்கள் 28க்கு வருவோம். கேமராவின் பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் உள்தண்டவாளங்களின் மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டுங்கள். ஷட்டரை பி-யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்துத் திறந்து பிடித்து, லென்ஸை முழு அப்பெர்ச்சரில், ஃபோகஸ் வளையத்தை முடிவிலியில் (∞ குறி, வெகுதூரம்) நிறுத்தி, தூரத்துக் கட்டடம் ஒன்றைப் பூதக்கண்ணாடியால் பேப்பரில் பாருங்கள். 55ஐயும் அதேபோல் பாருங்கள். 55 கூர்மையாக விழுந்து 28 மட்டும் விழாவிட்டால் கோளாறு லென்ஸில்தான். வ்யூஃபைண்டரில் கூர்மையாகத் தெரிந்து பேப்பரில் மங்கினால் உள்ளே இருக்கும் மிரரோ ஃபோகஸ் திரையோ இடம் மாறியிருக்கிறது, அது கேமராவின் கோளாறு.

ஸ்டாண்ட்விடேன்:
மேலே சொன்னது சரி. அதற்குப் பிறகு ஒரு ரோல் போதும். ஸ்டாண்டில் வைத்து, லென்ஸுக்கு மூன்றே படம்: முழுத் திறப்பு, எஃப் 4, எஃப் 8 (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறிதாகும்). நான்கு லென்ஸுக்கும் சேர்த்து 12 படம்தான் ஆகிறது. எல்லாவற்றையும் கையோடு நோட்டில் எழுதிவிடுங்கள், ஃபிலிம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. செங்கல் சுவரை எடுத்தால் ஓரங்களின் கூர்மை தெரியும், அவ்வளவுதான், லென்ஸின் குணம் தெரியாது. ஹீலியோஸை எஃப் 2இல் திறந்து, பின்னால் இலைகள் நெருங்கிய மரத்தடியில் ஒரு முகத்தை எடுங்கள், பின்னணி சுழல்கிற அழகு அப்போதுதான் புரியும். எதிர்வெளிச்சத்திலும் ஒன்று. நெகட்டிவை நேராக லூப்பில் (சின்னப் பூதக்கண்ணாடி) பாருங்கள், ஸ்கேனர் மென்பொருள் தானே கூர்மை ஏற்றிவிடுவதால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பச்சைக்கோட்டிங்:
அடுத்து 50 மி.மீ. எஃப் 1.4 சூப்பர் டக்குமார் தேடுவீர்கள் என்று தோன்றுகிறது, எல்லோரும் அங்கே வந்து சேர்வோம். ஏழு கண்ணாடி கொண்ட பதிப்பில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வருடங்கள் போகப்போக தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகும். அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். சில நாள் வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்தால் நிறம் இறங்கும். வெயிலில் வைக்கும்போது பின்மூடியைப் போட்டே வைக்க வேண்டும், திறந்திருந்தால் ஒளி குவிந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. சேகரிப்பு என்று வந்தால், ஒரே குவிய நீளத்தில் நாலு வாங்குவதை விட ஒன்றை வருடம் முழுக்க மாட்டி எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

நிழற்பெட்டி:
பேப்பர் ஒட்டிப் பார்த்துவிட்டேன். 55இல் தூரத்துக் கம்பம் நூல் பிடித்த மாதிரி விழுகிறது. 28ஐ முடிவிலியில் நிறுத்தினால் கம்பம் கரைந்துபோகிறது, மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் கம்பிக் கதவுதான் கூர்மையாக நிற்கிறது! ஃபோகஸ் வளையத்தின் சின்ன ஸ்க்ரூக்களைப் பார்த்தால் மூன்றிலும் தலை கீறியிருக்கிறது. யாரோ கழற்றி மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கப்போகிறேன். அது வரும்வரை ஹீலியோஸும் மரத்தடியும்தான்.