அப்டேட்: லோடு ஏத்தினா கேஸ் இன்ஜின் ஆர்பிஎம் விழுற பிரச்சனை, காரணம் சிக்கிடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, கம்ப்ரஸர் ஓட்டுற டர்போ (காத்தை அழுத்தி உள்ள தள்ளுற) கேஸ் இன்ஜின், சும்மா ஓடும்போது நல்லா இருக்கு, லோடு ஏத்தினா திராட்டில் முழுசா திறந்தும் ஆர்பிஎம் 1000-லருந்து 850-க்கு விழுதுன்னு. ஸ்பார்க் பிளக், காயில் எல்லாம் மாத்தியும் பிரயோஜனமில்ல, காசு தான் வேஸ்ட்.

கம்ப்ரஸர் வால்வைப் பாருங்கன்னு சிலர் சொன்னீங்க, டிஸ்சார்ஜ் டெம்பரேச்சர், சக்‌ஷன் பிரஷர் ரெண்டும் நார்மல், அதனால அந்தப் பக்கம் விட்டாச்சு.

அப்புறம் கார்புரேட்டர் (கேஸும் காத்தும் கலக்குற இடம்) கிட்ட கேஸ் பிரஷருக்கும் காத்து பிரஷருக்கும் உள்ள வித்தியாசத்தை மேனோமீட்டர் (பிரஷர் வித்தியாசம் அளக்குற கருவி) வச்சு லோடுலயே அளந்தேன் (முன்னாடி லோடு இல்லாம அளந்தது என் முட்டாள்தனம்). லோடு இல்லாதப்போ 5 இன்ச் தண்ணி அளவு, லோடு ஏற ஏற 1 இன்ச்சுக்கு விழுது! கேஸ் பிரஷரை கட்டுப்படுத்துற ரெகுலேட்டருக்கு காத்து பிரஷரைக் காட்டுற சின்ன ட்யூப்ல (பேலன்ஸ் லைன்) ஒரு விரிசல், பூஸ்ட் (டர்போ தர்ற காத்து பிரஷர்) ஏறுறது ரெகுலேட்டருக்கு முழுசா தெரியல, கேஸ் தேவையான அளவு கூடாம காத்து கூடி கலவை லீன் (கேஸ் கம்மி) ஆயிடுச்சு, அப்புறம் எங்கருந்து பவர் வரும்.

ட்யூப் மாத்தியாச்சு, ஃபுல் லோடுல 1000 அப்படியே நிக்குது. ஒரு சிலிண்டர் எக்ஸாஸ்ட் மட்டும் இன்னும் கொஞ்சம் கூலா இருக்கு, அடுத்த ஷட்டவுன்ல இன்ஜின் வால்வ் இடைவெளி பாக்கணும்.