மறு: ஸ்ட்ரோமாவுக்குத் தமிழ்ச்சொல் – 'அணை' சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம். புற்றுக்கட்டியில் புற்றுச் செல்களைத் தாங்கி நிற்கும் திசுவான ஸ்ட்ரோமாவுக்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> கட்டியைச் சுற்றி இருப்பதால் 'சூழ்திசு' என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

ஐயா, புரிவது தப்பாகப் புரிந்துவிடுகிறது. பதினேழு வருடமாகத் திசு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம், பெருங்குடல் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட ஒருவரின் மகன் அறிக்கையோடு வந்தார். ஸ்ட்ரோமா என்று போட்டிருந்த வரியைக் காட்டி என்னவென்று கேட்டார். "கட்டியைச் சுற்றியுள்ள திசு" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப அது நல்ல சதைதானே மேடம்?" என்றார். அவரை அப்படி நினைக்க வைத்தது நான் சொன்ன சொல்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகட்டில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஹீமாட்டாக்சிலின் சாயம் உட்கருக்களை ஊதாவாக்கும், இயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். புற்றுச் செல்கள் ஊதாத் தீவுகளாகத் திட்டுத்திட்டாகக் கிடக்கும். தீவுகளுக்கு நடுவே இளஞ்சிவப்பு நார்கள் அலையலையாக ஓடும். அந்த நார்களுக்குள் கதிர் போல நீண்டு மெலிந்த செல்கள், பொடி ரத்தக் குழாய்கள், எள்ளைத் தூவினாற்போல் லிம்ஃபோசைட்டுகள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள். இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்ட்ரோமா. கட்டிக்குள்ளேயே ஊடும் பாவுமாகப் பின்னிக் கிடப்பதை 'சூழ்' என்று எப்படிச் சொல்வது? சில கட்டிகளில் பாதிக்கு மேல் இதுதான் இருக்கிறது.

அந்தப் 'பாதி'யில்தான் நோயாளியின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தார் 2007இல் பெருங்குடல் புற்றில் இதைக் காட்டினார்கள். முறை மிக எளிது. 10 மடங்கு லென்ஸில், நாலு ஓரத்திலும் புற்றுச் செல் தெரிகிற ஓர் இடத்தைப் பிடித்து, அதற்குள் ஸ்ட்ரோமா எவ்வளவு என்று பத்துப் பத்துச் சதவீதமாகக் கண்ணால் மதிப்பிட வேண்டும். 50 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம், ஆயுளும் குறைவு. புதுக் கருவி, புதுச் சாயம் எதுவும் வேண்டாம். தாலுகா ஊர் ஆய்வகத்திலும் இருக்கிற அதே தகடுதான்.

மார்பகப் புற்றில் நாங்கள் தரம் போடும்போது சுரப்பி அமைப்பு, உட்கரு, செல் பிரிதல் என்று மூன்றைப் பார்க்கிறோம். மூன்றுமே புற்றுச் செல்லைப் பற்றியவை. 2011இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணினியைக் கொண்டு இதே தகடுகளில் 6,642 அம்சங்களை அளந்தபோது, நோயாளி பிழைப்பதோடு வலுவாகத் தொடர்புடையவற்றில் ஸ்ட்ரோமாவின் அம்சங்களும் வந்து நின்றன. தினமும் கண்ணெதிரே கிடந்ததை நாங்கள் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம். அதைப் படித்த அன்று பழைய தகடுகளை எடுத்து மறுபடி பார்த்தேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஸ்ட்ரோமா என்றால் கிரேக்கத்தில் படுக்கை, விரிப்பு. இலையின் பசுங்கணிகத்தில் உள்ள ஸ்ட்ரோமாவை இலங்கையில் 'பஞ்சணை' என்று படிப்பதை யாழ்ப்பாணத்து அக்கா போன மடலில் நினைவூட்டியிருந்தார். எவ்வளவு அழகான சொல்! இங்கே நாங்கள் ஸ்ட்ரோமா என்று அப்படியே எழுதிப் படித்தோம். அந்தப் பஞ்சணையிலிருந்து 'அணை'யை எடுத்து, புற்றுக்கட்டியில் இருப்பதைப் 'புற்றணை' எனலாம் என்பது என் முன்மொழிவு.

> அணை என்றால் மேட்டூர்தான் நினைவுக்கு வரும்.

வரட்டும் தம்பி, அதுவும் பொருந்துகிறது. கணையப் புற்றில் நார் மண்டிக் கிடக்கும். அதுவே மருந்தையும் உள்ளே விடாது என்று நினைத்து, எலிகளில் அதைக் குறைத்துப் பார்த்தார்கள். 2014இல் வந்த இரண்டு ஆய்வுகளிலும் கட்டி அடங்கவில்லை, மூர்க்கமானது. கொஞ்சமாவது தடுத்து வைத்திருந்தது அந்த நார்தான். ஆக, புற்று படுத்திருக்கும் அணை, அதை அணைத்து வளர்க்கும் அணை, சில நேரம் தேக்கி நிறுத்தும் அணை. மூன்று வேலையையும் ஒரே சொல் தாங்குகிறது. தேடித் தேடி இப்படி ஒரு சொல் கிடைக்காது என்று நினைக்கிறேன். அக்கரையில் இழையம், இக்கரையில் திசு என்ற பிணக்கும் இதில் எழாது.

கட்டியின் 'நுண்சூழல்' என்ற சொல்லை இதற்காகத் தொட வேண்டாம். அது இன்னும் விரிந்தது. உயிர்வளிக் குறைவு, அமிலத்தன்மை, செல்கள் விடுகிற வேதிச் செய்திகள் எல்லாம் அதில் அடங்கும். ஸ்ட்ரோமா 50 சதவீதத்தைத் தாண்டியதை 'அணை மிகுந்த கட்டி', அளவைப் 'புற்றணை விகிதம்' எனலாம். கட்டிக்குள்ளும் அதன் ஓரத்திலும் லிம்ஃபோசைட்டுகள் நிறைந்திருந்தால் பெருங்குடல் புற்றில் நல்ல அறிகுறி. 2018இல் 2,681 நோயாளிகளிடம் அது உறுதியானது. அதற்குத் தனிச்சொல் வேண்டும், இன்னொரு இழையில் பேசுவோம்.

எனக்கே தீராத ஒன்று: சூலகத்திலும் ஸ்ட்ரோமா உண்டு, அதில் நோய் ஏதும் இல்லை. 'சூலக அணை' என்றால் காதுக்கு ஒட்டுகிறதா? மகப்பேறு மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அந்த மகன் வியாழக்கிழமை மறுபடி வருகிறார். "கட்டி படுத்திருக்க மெத்தை மாதிரி ஒண்ணு உள்ளுக்குள்ளயே இருக்குப்பா" என்று தொடங்கலாம் என்றிருக்கிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
திசு ஆய்வகத்திலிருந்து